பொடிக்கக் கூடாத மாத்திரை

முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி மருந்து தண்ணீரில் கரைந்துவிட்டது என்று கணினித் திரை காட்டியபோது, மேகலா கையிலிருந்த பேனாவை மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

ஓசூர் சிப்காட்டில் இருந்த ஒரு நடுத்தர மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். போன வருஷத்திலிருந்து கையில் ஒரே வேலைதான். வலிப்பு நோய்க்கான ஒரு மருந்து. வயிற்றுக்குள் போனதும் மொத்தமாகக் கரைந்துவிடாமல், காலையில் போட்டால் இரவு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். அதற்காக மருந்தைக் கேழ்வரகை விடச் சின்ன மணிகளாக உருட்டி, ஒவ்வொரு மணியின் மேலும் பாலிமரால் மெல்லிய தோல் ஒன்றைப் பூசியிருந்தாள். அந்தத் தோல் கரையாது. அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக மருந்து மட்டும் மெதுவாக வெளியே வரும்.

மணிகளை அப்படியே தண்ணீரில் போட்டுச் சோதித்தால், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி நடந்துகொண்டன. மாத்திரையாக அழுத்தும்போதுதான் எல்லாம் கெட்டது. இயந்திரத்தின் அழுத்தத்தில் மணிகளின் தோல் வெடித்தது. வெடித்த பிறகு உள்ளே மருந்து எங்கே நிற்கும்?

மேலாளர் ராஜசேகர் திரையை எட்டிப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

"மணியா இருக்கும்போது நல்லாத்தான் சார் இருக்கு. சின்னப் பாக்கெட்ல மணியாவே போட்டுக் குடுத்துட்டா என்ன? தயிர்ல தூவிச் சாப்பிடட்டும்."

"பாக்கெட் போடற மெஷின் நம்மகிட்ட இல்ல. மருந்தை வாங்கப்போற பெங்களூர்க் கம்பெனிக்காரங்க கேட்டதும் மாத்திரைதான். மணி நல்லா இருக்குன்னு இன்னும் எத்தனை தடவை சொல்லுவீங்க மேகலா? யாரும் மணி கேக்கல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

இந்த மருந்து வேலையை அவள்தான் கேட்டு வாங்கியிருந்தாள். அவளுடைய அண்ணன் பூபதிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. அப்பா வெங்கடப்பனும் அம்மா மாரம்மாவும் ராயக்கோட்டைப் பக்கம் மற்றவர்கள் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். மகனைக் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். மேகலா ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போயிருந்தபோது, ஒருவழியாக ஒரு டாக்டர் மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, வேளை தவறாமல் போட்டால் போதும் என்றார். ஆனாலும் வலிப்பு நிற்கவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அண்ணி சுகுணா போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேகலா, உங்கண்ணன் கம்பெனியில வுழுந்துட்டாரு. கன்வேயர் மேலயே வுழுந்துட்டாராம். கிருஷ்ணகிரிக்குத் தூக்கிட்டு வந்துருக்காங்க. நீ கொஞ்சம் வாயேன்."

பூபதி மாங்கூழ் ஆலை ஒன்றில் பருவ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். லாரியில் வந்து இறங்கும் மாம்பழங்கள் தண்ணீரில் கழுவப்பட்டு உருளைகள்மேல் வரும். அழுகியதைப் பொறுக்கி எறிவது அவன் வேலை. மேகலா டப்பாவை மூடிவிட்டு ஓடினாள். சூளகிரி தாண்டியதும் பாலம் கட்டும் இடத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள், பின்னால் லாரிகள். கண்டக்டர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

பூபதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கட்டு, முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேச்சு குழறியது. சட்டையில் இன்னும் மாம்பழ வாசனை அடித்தது.

"என்னாத்துக்குப் பாப்பா லீவு போட்டுட்டு ஓடியாந்த? எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் நெத்தியில தையல் போட்டுருக்காங்களா?"

பணியிலிருந்த டாக்டர் ஓர் இளம்பெண். கண்ணில் தூக்கம் தெரிந்தது. சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சுகுணாவிடம் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா போடறாரா? நடுவுல விட்டீங்களா?"

"ஒரு வேளை கூட வுடல மேடம். நான்தான் என் கையால குடுக்கறன்."

டாக்டர் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தினமும் எல்லோரும் சொல்கிற பதில்தானே. "இந்த டோஸ்ல இப்படி வரக் கூடாது. இன்னும் கூட்டிப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சுகுணாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "பாத்தியா, பொய் சொல்றன்னு நெனைக்கறாங்க."

மேகலாவுக்கும் டாக்டர்மேல் கோபம் வந்தது. அண்ணி பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் மருந்தில்தான் கோளாறா? யார் தயாரித்த மாத்திரை, எந்த பேட்ச் என்று அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேண்டிய அளவுக்கு அட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிப் பெயரில் பாதியும் மருந்தின் பெயரில் பாதியும்தான் மிச்சம்.

சாயங்காலம் ஆறு மணி வேளை மாத்திரைக்கு நேரம் வந்தது. சுகுணா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மாத்திரையை அதில் வைத்து மடித்து, ஸ்டீல் டம்ளரின் அடிப்பாகத்தால் நங்கு நங்கு என்று குத்தினாள். பிறகு ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து, அந்தத் தூளை அதில் கொட்டப் போனாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

மேகலா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"மாத்திரை குடுக்கறன். வேற என்ன?"

"எப்பவும் இப்படித்தான் பொடிச்சுக் குடுப்பீங்களா?"

"ஆமா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இப்பிடித்தான் குடுக்கறன். அதுக்கு முன்ன அத்தை பொடிச்சுக் குடுத்தாங்க."

"அத பொடிக்கவே கூடாது அண்ணி! மெதுவா கரையணும்னுதான் அப்படிச் செஞ்சு வெச்சிருக்காங்க. பொடிச்சா நாள் பூரா வர வேண்டிய மருந்து ஒரே நேரத்துல உள்ள போயிடும். அப்பறம் மத்தியானத்துக்கு ஒண்ணுமே இருக்காது!"

சுகுணா டம்ளரைக் கட்டிலுக்கடியில் வைத்தாள். அவளுக்கும் குரல் உயர்ந்தது. "இத எனக்கு யார் சொன்னாங்க? டாக்டர் சொன்னாரா? மெடிக்கல்காரர் சொன்னாரா? நீ மாத்திரை செய்யற கம்பெனியிலதான இருக்க, நீ சொன்னியா? முழுசா குடுத்தா அவருக்கு எறங்கல. எவ்ளோ பெரிசு பாரு. முன்ன ஒருவாட்டி தொண்டையில மாட்டி மூச்சே நின்னுபோச்சாம். அன்னிலேர்ந்து மாத்திரையப் பாத்தாலே ஓங்கரிக்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

பூபதி குறுக்கே வந்தான். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"அண்ணா, மாத்திரை போட்டதும் உனக்கு எப்படி இருக்கும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "காலையில போட்டுட்டு வேலைக்குப் போனா தலை கிறுகிறுன்னு வரும். கண்ணு ரெண்டாத் தெரியும். குடிச்சுட்டு வந்துட்டான்னு சூப்பர்வைசர் வாயை மோந்து பாப்பாரு. பத்து மணிக்கு மேல தெளிஞ்சிரும். மத்தியானம் சாப்டதுக்கு அப்பறம்தான் கை வெட்டி வெட்டி இழுக்கும். இன்னிக்கும் அப்பத்தான்."

அவன் சொல்லச் சொல்ல மேகலாவுக்குக் காலையில் திரையில் பார்த்த கோடு கண்முன் வந்தது. சட்டென்று ஏறி, அப்புறம் நகராமல் நின்றுவிட்ட கோடு. இயந்திரம் மணிகளை உடைத்ததற்காக அவள் பேனாவை எறிந்தாள். இங்கே இத்தனை வருஷமாக அண்ணனின் வயிற்றுக்குள் அதே கோடுதான் ஏறியிருக்கிறது. மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டக் கூட்ட, காலைக் கிறுகிறுப்புதான் கூடியிருக்கிறது. யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் யாரையும் திட்டாமல் வராந்தாவுக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுகுணாவும் வந்து பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் காலையில் மேகலா அந்த டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நேத்தே நான் எப்படிக் குடுக்கறீங்கன்னு கேட்டிருக்கணும்" என்றார். அளவைக் கூட்டவில்லை. முழுங்க முடியாதவருக்கு இது சரிப்படாது என்று அதே மருந்தை டானிக்காக எழுதினார். டானிக் சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் தினமும் மூன்று வேளை, நேரம் தவறாமல் குடிக்க வேண்டும். மத்தியான வேளையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

மாங்கூழ் ஆலையில் பூபதியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. மருந்து மாற்றியாகிவிட்டது, இனி வலிப்பு வராது என்று மேகலாவே சூப்பர்வைசரிடம் போனில் பேசிப் பார்த்தாள். "வராதுன்னு எழுதித் தருவீங்களாம்மா? உருளைக்குள்ள கை மாட்டுனா யாரு பதில் சொல்றது?" என்று அவர் கேட்டார். அவளால் எழுதித் தர முடியாது. கடைசியில் பூபதி ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கப் போனான். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை, மெஷின் கிடையாது. கூலியும் முன்னைப்போல இல்லை.

ஓசூருக்குத் திரும்பியதும் மேகலா நேராக ராஜசேகரின் அறைக்குப் போனாள்.

"சார், நாம நல்ல மாத்திரையே செஞ்சாலும் வீட்ல அத டம்ளரால குத்திடுவாங்க. முழுங்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

அண்ணன் கதை முழுவதையும் அவர் பொறுமையாகக் கேட்டார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பாக்கெட் வேணாம்னு பெங்களூர்ல முடிவே பண்ணிட்டாங்க. மாத்திரையா இருந்தாத்தான் வாங்குவாங்க. அதுக்குள்ள என்ன வேணா பண்ணுங்க."

வாசல்வரை போனவள் நின்றாள். "மாத்திரைதான், ஆனா தண்ணியில போட்டா உதிர்ந்து மணியாப் பிரிஞ்சிடணும். தண்ணியோட சேத்து மணியக் குடிச்சிடலாம், மெல்லாம. பொடிக்கவே வேணாம். இது ஓகேவா சார்?"

"மணி உடையாம அழுத்த முடிஞ்சா ஓகே. அதுதான உங்களால முடியல?"

அந்தக் கேள்வியோடுதான் மழைக்காலம் முழுக்கப் போனது. மாத்திரை அழுத்தும் மெஷினை ஓட்டுகிற திம்மப்பன் அத்திப்பள்ளிக்காரர், தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பேசுவார். அழுத்தத்தைக் குறைத்தால் மாத்திரையின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. கூட்டினால் மணி வெடித்தது. "கம்மி பண்ணா ஒடையுது. ஜாஸ்தி பண்ணா உங்க மணி சாகுது. நான் ஏனு மாடலி, என்ன பண்ணட்டும் மேடம்?" என்று அவர் கையை விரித்தார்.

மணிகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கட்டும் என்று மெழுகு கலந்த மிருதுவான துகள்களைச் சேர்த்தாள். அழுத்தம் வரும்போது துகள் நசுங்கி மணியைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றவும் செய்தது. ஆனால் மெழுகு அச்சில் ஒட்டிக்கொண்டு மாத்திரைகள் பிய்ந்து வந்தன. திம்மப்பன் அரைநாள் உட்கார்ந்து அச்சுகளைச் சுரண்டினார். மெழுகைக் குறைத்ததும் வேறு சிக்கல் வந்தது. பெரிய துகளும் சின்ன மணியும் மெஷினின் குலுக்கலில் தனித்தனியாகப் பிரிந்துபோயின. ஒரு மாத்திரையில் மருந்து கூடுதலாகவும் அடுத்ததில் குறைவாகவும் இருந்தது. வலிப்பு மருந்தில் அப்படி இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அந்தத் தடவை செய்த மாத்திரைகள் முழுவதையும் அழிப்பதற்கு அனுப்பும்போது, அவளே பையின் வாயைக் கட்டினாள். கட்டின முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"விட்டுடலாமா மேகலா? பெங்களூர்ல கேக்கறாங்க" என்றார் ராஜசேகர்.

"இன்னும் ஒண்ணு பாத்துடறேன் சார்."

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க."

கோளாறு தோலிலேயே இருந்தது. அவள் பூசியிருந்த பாலிமர் முட்டை ஓடு மாதிரி விறைப்பானது. அழுத்தினால் அதற்கு வளையத் தெரியாது. இழுத்தால் நீளும் வேறொரு பாலிமரை எடுத்து, அதை இன்னும் இளக்குகிற பொருளையும் சேர்த்துப் பூசினாள். முதலில் அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடலை மிட்டாய் போல ஆகிவிட்டன. சூட்டைக் குறைத்து, பூச்சை மெதுவாக்கி, மறுபடி செய்தாள். மெத்தைத் துகள்களையும் மணியின் அளவுக்கே சலித்துக்கொண்டாள்.

கடைசியாக அழுத்திய மாத்திரைகளில் ஒன்றைத் திம்மப்பன் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். அது ஊறி, பிளந்து, வெள்ளை மணிகளாகக் கீழே இறங்கியது. "உதுர்ந்துடுச்சு மேடம்!" என்று கூவினார். உதிர்வது முக்கியம்தான். மணி உடையாமல் இருக்கிறதா என்று தெரிய, சோதனை முடியும்வரை மேகலா காத்திருந்தாள். கோடு இந்தமுறை அவசரப்படவில்லை. சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில்கூட மெதுவாக ஏறிக்கொண்டேயிருந்தது. அழுத்தாத மணிகளின் கோட்டின் மேல் அதை வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ராஜசேகர் வந்து நெடுநேரம் திரையைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. மேகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகம் கழுவிக்கொண்டு வந்து, முதல் வேலையாகச் சுகுணாவுக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ராயக்கோட்டைக்குப் போனாள். மண்டி முழுக்கத் தக்காளிப் பெட்டிகள். ஏலம் விடுகிறவர் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறி விலையைக் கூவிக்கொண்டிருந்தார். பூபதி குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, காயைத் தனியாகவும் பழத்தைத் தனியாகவும் தள்ளிக்கொண்டிருந்தான். முன்பைவிடத் தெளிவாக இருந்தான். டானிக் ஆரம்பித்ததிலிருந்து காலைக் கிறுகிறுப்பு இல்லை. ஆனால் ஒருநாள் சுகுணாவுக்குக் காய்ச்சல் வந்து மத்தியான டானிக்கை மண்டிக்குக் கொண்டுவர முடியவில்லை. இவனும் வேலை மும்முரத்தில் வீட்டுக்குப் போய்க் குடிக்க மறந்துவிட்டான். அன்றைக்கே விழுந்து, தாடையில் காயம்.

சுகுணா வீட்டிலிருந்து நடந்து வந்திருந்தாள். கூடையிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்து, சின்ன மூடியில் அளந்து அவனிடம் நீட்டினாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.

"உன் மாத்திரை தயாராயிடுச்சின்னியே, கொண்டாந்தியா?" என்று சுகுணா கேட்டாள்.

மேகலா இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"கொண்டாரக் கூடாது அண்ணி. இது வரைக்கும் கண்ணாடி டம்ளர்லதான் பாத்துருக்கோம். மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கணும். அதுக்கு அனுமதி வாங்கணும். மாசக்கணக்குல வெச்சுக் கெட்டுப்போகுதான்னும் பாக்கணும். அதுக்கப்பறம்தான் கடைக்கு வரும்."

"எப்ப?"

"தெரியல. வருஷமாகும். நடுவுல பெங்களூர்க்காரங்க வேணாம்னு நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க."

"மருந்து அதே மருந்துதான?"

"அதேதான்."

"செஞ்சது நீதான?"

"நான்தான்."

"அப்ப எடுத்தாந்து குடுத்தா யார் கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா மணி வயித்துக்குள்ள போய் வேற மாதிரி நடந்துக்கிச்சுன்னா? மறுபடியும் அண்ணன் வுழுந்தா? டம்ளர்ல நடந்ததுதான் உள்ளயும் நடக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

சுகுணா பாட்டில் மூடியைத் திருகினாள். மூடி ஏறாமல் கோணிக்கொண்டது. கழற்றி மறுபடி திருகினாள். "படிச்சும், செஞ்சும், கடைசில இதானா?" என்றாள். அவள் மேகலாவைத் திட்டவில்லை. அலுப்பில் சொன்னாள். அந்த அலுப்பைத் தாங்கிக்கொள்ள மேகலாவால் முடியவில்லை.

"எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு அண்ணி. எங்க போய்க் கத்தறதுன்னுதான் தெரியல."

பூபதி ஒரு தக்காளியைப் புறங்கையால் துடைத்துத் தங்கையிடம் கொடுத்தான். "வுடு பாப்பா. வரப்ப வரட்டும். சாப்புடு, நல்ல பழம்."

அவள் வாங்கிக் கடித்தாள். சாறு துப்பட்டாவில் வழிந்தது. ஏலக்காரர் அடுத்த குவியலுக்கு வந்துவிட்டார். வியாபாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றதால், அவளும் சுகுணாவும் எழுந்து ஓரமாக ஒதுங்கினார்கள்.

"நாளைக்கு மத்தியானம் எனக்கு நூறு நாள் வேலை இருக்கு. டானிக்க யார் கொண்டாருவாங்கன்னு தெரியல" என்றாள் சுகுணா.

"அண்ணன் கையிலயே பாட்டிலக் குடுத்தனுப்புங்க. சரியா ஒரு மணிக்கு நான் போன் பண்றேன். குடிச்சாரான்னு கேட்டுட்டுத்தான் வெப்பேன்."

"தெனமுமா பண்ணுவ?"

"தெனமும் பண்றேன்."

சுகுணா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பாட்டிலைக் கணவனின் சாப்பாட்டுப் பையில் சாயாமல் நிறுத்தி வைத்தாள். மேகலா அங்கேயே நின்று போனில் ஒரு மணிக்கு அலாரம் வைத்தாள். பிறகு அவளை பஸ் ஏற்றிவிடச் சுகுணாவும் கூட நடந்தாள்.